இன்னும் ஆறு வாரம்

வெசெலி ஊரில் ஹவ்ரானெக் தம்பதியின் வீடு முதல் தடவை நகர்ந்தபோது நாலே அங்குலம்தான் நகர்ந்தது, மேற்குப் பக்கமாக. அன்று ஜூன் மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை. மக்காச்சோளம் ஒரு புஷல் மூட்டை ஆறரை டாலருக்குப் போனது. காற்று தெற்கிலிருந்து வீசியது. சமையலறை அலமாரியில் கோப்பைகள் ஒன்றோடொன்று லேசாக இடித்துக்கொண்டன, அவ்வளவுதான். வேறு யார் வீடாக இருந்தாலும் நாலு அங்குலத்தை எவரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். ஆனால் வெர்லின் ஹவ்ரானெக் முப்பத்து நாலு வருஷம் எங்கள் கவுண்டி என்கிற மாவட்டத்தின் நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நெப்ராஸ்காவின் இந்த மூலையில் எந்த வேலியும் எந்தக் கல்லும் இருந்த இடத்தைவிட்டு அசையாமல் பார்த்துக்கொள்வதற்கென்றே சம்பளம் வாங்கியவர். தோட்டத்துக் குழாயை மூடப் போனவர், சொந்த வீடு அஸ்திவாரத்தைவிட்டுப் பிதுங்கி நிற்பதைப் பார்த்தார். இரும்பு டேப்பை எடுத்துவந்து மூன்று தடவை அளந்தார். பிறகு உள்ளே போய், பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த மனைவியிடம் சொன்னார்.

“லவான், வீடு நகந்திருக்கு.”

“அப்படியா? எந்தப் பக்கம்?” என்றாள் லவான், கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“மேற்கால.”

“அப்ப சரி,” என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த பீன்ஸை எடுத்தாள்.

அவளுக்கு மேற்கு சரியாகப் பட்டதற்குக் காரணம் இருந்தது. அந்த வருஷம் பிப்ரவரியில் அவளுடைய அக்கா ஆர்டிஸ், ஓரிகன் கடற்கரையிலிருந்து ஒரு கடிதம் எழுதியிருந்தாள். முப்பத்தொரு வருஷத்தில் முதல் கடிதம். நுரையீரல் போய்விட்டது, மூக்கில் குழாய் வைத்துத்தான் மூச்சு விடுகிறேன், இந்தக் கோடையைப் பார்ப்பேன், அடுத்ததைப் பார்ப்பேனா தெரியாது. நீ வரவேண்டியதில்லை, அப்படியே வந்தாலும் வெறுங்கையோடு வராதே, கசகசா கோலாச்சி கொண்டு வா. இவ்வளவுதான் கடிதம். நடுவில் குழி வைத்து இனிப்புக் கசகசா விழுதை நிரப்பிச் சுடும் அந்த ரொட்டியில்தான் அக்காவுக்கும் தங்கைக்கும் சண்டையே மூண்டது. அம்மா போய்ச் சேர்ந்த மூன்றாம் வாரம், லவான், பெற்றோரிடமிருந்து வந்து தானும் வெர்லினும் குடியிருந்த வீட்டை ஒழிக்கிறேன் என்று அம்மாவின் கசகசா அரைக்கும் இரும்பு மிஷினைத் தூக்கி சர்ச்சில் நடந்த பழைய சாமான் விற்பனைக்குக் கொடுத்துவிட்டாள். அதைக் கேட்டதும் ஆர்டிஸ் வாசலில் நின்றுகொண்டு தெருவே கேட்கச் சொன்னாள்: இந்த வீட்டிலும் சரி, இந்த ஊரிலும் சரி, இனி என் கால் படாது. சொன்னபடி படவும் இல்லை. செக் நாட்டு வம்சாவளிப் பிடிவாதம் என்று எங்கள் பாதிரியார் இதைப் பற்றிப் பெருமையாகவே பேசுவார்.

ஆக, போவதென்றால் லவான்தான் போகவேண்டும். அவளால் போகமுடியாது. அவள் தன் கட்டிலைத் தவிர வேறு எதிலும் தூங்கியதில்லை. இதை வெறும் பிடிவாதம் என்று நினைக்க வேண்டாம். 1987இல் ஒமாஹாவில் ஒரு கல்யாணத்துக்குப் போய் ஓட்டலில் தங்கினாள். முதல் நாள் பொட்டுத் தூக்கம் இல்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் காலை கண்ணாடி முன்னால் நின்று தலை சீவும்போது, குளியலறைத் திரையில் போட்டிருந்த பூக்கள் அவள் கை வழியாகத் தெரிந்தன. வெர்லின் உடனே அவளைக் காரில் உட்காரவைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து படுக்கவைத்தார். சாயங்காலம் எழுந்தபோது கை பழையபடி ஆகியிருந்தது. அந்தக் கட்டில் அவர்களுடைய அப்பா இரண்டு பெண்களும் சேர்ந்து படுக்கச் செய்தது. ஐந்தடி அகலம், ஆறடி எட்டு அங்குலம் நீளம், ஓர் ஆணி கிடையாது, எல்லாம் மரமுளையும் பசையும், கழற்றவும் முடியாது. தலைக்கு இடது கைப்பக்கம் ஒரு ஜன்னலும் வேண்டும். கடிதம் வந்த பிறகு அந்தக் கட்டிலைப் பிக்கப் வண்டியின் பின்னால் ஏற்றிப் பார்த்தார்கள். தலைக்கு மேல் கூரை இல்லாமல் அவளுக்குக் கண் மூடவில்லை. வாடகைச் சாமான் லாரிக்குள் ஒரு மத்தியானம் போட்டுப் பார்த்தார்கள்; ஜன்னல் இல்லாமல் மூடவில்லை. அதனால்தான் டிரெய்லர் வீடு.

பிக்கப்புக்குப் பின்னால் பூட்டி இழுத்துப்போகிற அந்த வீடுகளை எங்கள் பக்கம் யார் வேண்டுமானாலும் வைத்திருப்பார்கள். கடையில் நிறுத்தியிருப்பதில் ஒன்றைப் பார்த்து, பூட்டிக்கொண்டு வந்துவிடலாம். ஆனால் எதிலும் அந்தக் கட்டில் நுழையாது. டெனிஸ் ஸ்லாமா என்பவன் டவுனில் டிரெய்லர் கடை வைத்திருக்கிறான். நல்ல பையன், ஐம்பது வயசாகியும் எங்களுக்கு அவன் பையன்தான். பேக்டரிக்குச் சொல்லிப் புதிதாகவே கட்டச் சொல்லலாம் என்றான். பின்சுவர் முழுக்க இரட்டைக் கதவு, அதன் வழியாகக் கட்டிலை ஏற்றலாம். இடது பக்கம் ஜன்னல். மெத்தை வேண்டாம், இடத்தைக் காலியாக விட்டால் போதும். ஆர்டர் படிவத்தில் ‘படுக்கை’ என்ற இடத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள்தான் இருந்தன. உங்க கட்டில் என்ன சைஸ் என்று டெனிஸ் கேட்டான், குயீன் என்றாள் லவான் (இரண்டு பேர் படுக்கும் கட்டிலுக்குக் கடையில் சொல்லும் அளவு), குயீன் என்ற கட்டத்தில் அவன் டிக் அடித்தான். வாழ்நாள் முழுக்க ஒவ்வோர் அளவையும் இரண்டு தடவை சரிபார்த்த வெர்லின், அந்த ஒரு தாளில் மட்டும் அளவைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். மனசு அவ்வளவு அவசரத்தில் இருந்தது. ஜூனில் வண்டி வந்துவிடும் என்றான் டெனிஸ்.

வெர்லினுக்கு அன்றிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. வீட்டுக்கு மேற்கே, மைலோ வீட்டுப் பக்கமாக, ஜல்லி கொட்டித் தளம் போட்டார். சக்கரத்துக்கு அடைகொடுக்கும் கட்டை, தண்ணீர்க் குழாய், கொக்கி, சங்கிலி, மட்டம் பார்க்கும் கருவி என்று கராஜ் நிரம்பியது. டிரெய்லரைப் பின்னால் எடுப்பதுதான் கஷ்டம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். தினமும் காலையில் பிக்கப்பின் பின்னால் ஒன்றுமே இல்லாமல், இருப்பதாக நினைத்துக்கொண்டு, ஜல்லித் தளத்தில் பின்னால் எடுத்துப் பழகினார். லவான் பின்னால் நின்று கைகாட்டினாள். பக்கத்து வீட்டு மைலோவும் அவன் மனைவியும் புல்தரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள்.

“லெஃப்ட்ல ஒடி! ஐயோ, என் லெஃப்ட் இல்ல, உன் லெஃப்ட்!”

“உன் லெஃப்ட் எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? உன்னையே கண்ணாடியில இடம் வலம் மாறித்தானே பாக்கறேன்!”

“போச்சு, இடிச்சிட்ட. மைலோ வீட்டு ரோஜாச் செடி போச்சு.”

“லவான், வண்டியே இல்லையேம்மா இன்னும்!” என்று மைலோ கத்துவான்.

“இருந்திருந்தா போயிருக்கும்ல!” என்பாள் லவான்.

இப்படியே ஜூன் வந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கும் சுருள் வயர் போன் அடித்தது. “வெர்லின், டெனிஸ் பேசறேன். ஒண்ணும் தப்பா நினைக்காதீங்க. அச்சு வரலையாம். இன்னும் ஆறு வாரம்.” வெர்லின் போனை வைத்தார், அலமாரியில் கோப்பைகள் இடித்தன, நாலு அங்குலம். ஜூலைக் கடைசியில் திரும்பவும் போன். கண்ணாடி வரவில்லையாம், இன்னும் ஆறு வாரம். அந்தத் தடவை வீடு மைலோவின் புல்தரையில் போய் நின்றது. நிஜமாகவே ரோஜாச் செடி போனது. செப்டம்பரில் குளிர்சாதனப் பெட்டி ஏதோ துறைமுகத்தில் மாட்டிக்கொண்டதாம். வீடு ஊருக்கு வெளியே கூட்டுறவுச் சங்கத் தானியக் கோபுரத்தின் அடியில் போய் நின்றது. அறுவடை லாரிகள் சுற்றிக்கொண்டு போகவேண்டியிருந்ததால் டிரைவர்கள் முணுமுணுத்தார்கள். கவுண்டி ஆபீசிலிருந்து ஒரு பெண் வந்து, விலாசத்தை மாற்றவேண்டுமா என்று கேட்டாள். தற்காலிகம்தான் என்று வெர்லின் சொன்னார். அவள் தற்காலிகம் என்று எழுதிக்கொண்டு போனாள்.

அக்டோபரில் டிரெய்லர் சுவருக்குள் அடைக்கிற ஃபோம் தட்டுப்பாடு என்று போன். லவான் அடுப்பில் சூப்பைக் கிளறிக்கொண்டே ஜன்னலைப் பார்த்தாள். பிளாட் ஆற்றங்கரை, மஞ்சள் இலை உதிர்க்கும் மரங்கள், நூற்று முப்பது மைல் தள்ளி. அறுத்து முடித்த வயலின் நடுவில் ஒரு வீடு வந்து நிற்பதைப் பார்த்த அந்த ஊர் விவசாயி டிராக்டரை நிறுத்திவிட்டு வந்து, உழவுக்கு முன்னால் கிளம்பிவிடுவீர்களா என்று மட்டும் கேட்டார். மறுநாள் ஒரு பூசணிக்காய் கொண்டுவந்து கொடுத்தார். வீட்டில் எதற்கும் குறைவில்லை. குழாயைத் திறந்தால் இரும்பு வாசனையடிக்கும் வெசெலித் தண்ணீரே வந்தது. விளக்கு எரிந்தது. போன் வயர் சுவரைத் தாண்டி மண்ணுக்குள் இறங்கியது. எங்கே போகிறதென்று தோண்டிப் பார்க்க வெர்லினுக்குத் துணிச்சல் வரவில்லை. ஆனால் அவருக்கு உடம்பும் மனசும் ஒரு நிலையில் இல்லை. எல்லைக்கல் இல்லாத இடத்தில் அவருக்கு உட்காரவே தெரியாது. ஒவ்வோர் இடத்திலும் வீட்டைச் சுற்றி நாலு முளை அடித்து, கயிறு கட்டி, நாள் முழுக்க அதைச் சுற்றிச் சுற்றி நடந்தார்.

நவம்பரில் வயோமிங். கதவைத் திறந்தால் காற்று தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு போகிற பொட்டல். அங்கேதான் லவான் காப்பியை ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

“உனக்கு இன்னும் புரியலையா வெர்லின்? அந்தப் பய ஒவ்வொரு தடவை ஆறு வாரம்னு சொல்றப்பவும்தான் நகருது.”

வெர்லின் நாட்காட்டியை எடுத்துப் பார்த்தார். அப்படித்தான் இருந்தது. அவர் முகம் கோணியது; முப்பத்து நாலு வருஷம் கணக்குப் போட்ட மனுஷனுக்கு முன்னால் பீன்ஸ் நறுக்குகிறவள் கண்டுபிடித்துவிட்டாள் என்ற எரிச்சல். உடனே டெனிஸைக் கூப்பிட்டார். “டெனிஸ், இன்னும் ஆறு வாரம் ஆகும்னு சொல்லு.” அவன் குழம்பிப்போய், “அதுக்கு மேல ஆகாதுங்க, இப்பத்தானே ஆறு வாரம்னு சொன்னேன்” என்றான். “பரவால்ல, சும்மா சொல்லு.” சொன்னான். வீடு அசையவில்லை. பொய்க்கு அது அசையாது போலிருக்கிறது. திரைச்சீலை நிறத்தை மாற்றச் சொன்னால் தாமதமாகும் என்று அதையும் செய்து பார்த்தார். பேக்டரி அன்றைக்கே சரி என்றுவிட்டது. பிறகு இருவரும் போன் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். டிரெய்லர் வாங்கிய ஜனங்களில், வண்டி வரக்கூடாதே என்று வேண்டிக்கொண்டவர்கள் இவர்கள் இரண்டு பேராகத்தான் இருப்பார்கள். ஜனவரி நடுவில் மணி அடித்தது. தண்ணீர்த் தொட்டி உடைந்துவிட்டதாம், இன்னும் ஆறு வாரம். லவான் போனுக்குள்ளேயே “ரொம்ப சந்தோஷம் தம்பி” என்றாள். ஜன்னலுக்கு வெளியே ஐடஹோ வந்து நின்றது: ஸ்னேக் ஆறு, உறைந்துபோன பீட்ரூட் வயல், தூரத்தில் நெடுஞ்சாலை. அக்கா வீடு இன்னும் ஐந்நூற்று முப்பது மைல். இன்னொரு ஆறு வாரம், அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

பிப்ரவரிக் கடைசியில் இரண்டு போன் வந்தது. முதலாவது ஆர்டிஸின் வீட்டுக்கு வரும் நர்ஸ். அக்கா இப்போது நாற்காலியிலேயேதான் இருக்கிறாள், எந்த நாளிலும் போய்விடலாம், பேச விரும்பினால் இப்போதே பேசிவிடுங்கள் என்றாள். ஆர்டிஸ் போனை வாங்கவில்லை. போனில் பேசுவதற்கா கூப்பிட்டேன் என்று பின்னால் கத்துவது கேட்டது, அப்புறம் இருமல். இரண்டாவது போன் டெனிஸ். அவன் குரலில் வாயெல்லாம் பல்லாக இருப்பது தெரிந்தது.

“வெர்லின்! வந்துடுச்சு! வண்டி என் கடை வாசல்ல நிக்குது. நீங்க எங்க இருந்தாலும் சரி, நானே பூட்டிக் கொண்டாந்து விடறேன். எத்தனை தடவை உங்களைக் காக்க வெச்சிட்டேன்!”

லவான் ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கல்யாணமாகி நாற்பத்து மூன்று வருஷத்தில் அவள் அப்படி அழுது வெர்லின் பார்த்ததில்லை.  ஆனாலும் மனுஷன் யோசித்தார்: வண்டி வந்தால் கட்டிலை ஏற்றலாம், ஒரே நாளில் ஓட்டிக்கொண்டு போய்விடலாம், இதற்குத்தானே ஆர்டர் கொடுத்தோம். சொன்னதும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கோலாச்சிக்கு மாவு பிசைய எழுந்தாள். முன்பு செய்த மாதிரியே படுக்கையறை ஜன்னலைச் சட்டத்தோடு பெயர்த்துக் கட்டிலை வெளியே எடுக்க வெர்லின் தயாரானார்.

மூன்றாம் நாள் காலை டெனிஸ் பீட்ரூட் வயலுக்குள் டிரெய்லரை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். பனியில் பளபளவென்று நின்றது, கிரீம் நிறம், பச்சைக் கோடு. பின்கதவைத் திறந்தார்கள். வெர்லினும் டெனிஸும் வீட்டிலிருந்து கட்டிலை ஆளுக்கொரு பக்கம் தூக்கி உள்ளே தள்ளினார்கள். அது வழவழவென்று போனது, போய் எதிர்ச் சுவரில் முட்டியது. கால்மாட்டில் அரைச் சாணுக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கதவு மூடவில்லை. வெர்லின் டேப்பை எடுத்தார். ஆறடி மூன்று அங்குலம். கட்டில் ஆறடி எட்டு.

டெனிஸின் முகம் வெளிறியது. டிரெய்லர் தொழிலில் குயீன் என்றால் ஐந்து அங்குலம் குட்டை. இடத்தை மிச்சம் பிடிக்க எல்லாப் பேக்டரியும் அப்படித்தான் கட்டும், தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். ஆனால் வீட்டில் அவனும் படுப்பது சாதாரண குயீனில்தான். படிவத்தை நிரப்பிய அன்று எந்தக் குயீனை நினைத்துக்கொண்டு டிக் அடித்தான் என்று அவனுக்கே தெரியவில்லை.

“நான்தான் பாக்கல. அளவு பாக்காமக் கையெழுத்துப் போட்டேன்,” என்றார் வெர்லின். அவர் டெனிஸைத் திட்டவே இல்லை. அதுதான் அவனுக்கு அதிகமாக வலித்தது. கதவைத் திறந்தே விட்டு ஓட்டலாமா என்றான். பனியில் மலை ஏறவேண்டும், பாதித் தூரத்தில் கட்டில் ரோட்டில் கிடக்கும் என்றார் வெர்லின். கட்டிலைத் திரும்ப வீட்டுக்குள் அதன் இடத்தில் வைத்தார்கள். பிறகு அவர் கராஜிலிருந்து ரம்பத்தை எடுத்துக்கொண்டு வந்தார். கால்மாட்டில் ஐந்து அங்குலம், அவ்வளவுதானே. லவான் கட்டிலின் மேல் போய் உட்கார்ந்துகொண்டாள்.

“அறுத்துட்டா அது எங்கப்பா செஞ்ச கட்டில் இல்ல. அதுல தூக்கம் வருமா வராதான்னு போற வழியிலயா தெரிஞ்சுக்கறது?”

“வேற என்ன பண்ணச் சொல்ற?”

“பிக்கப்பை எடு. கட்டில் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். போறதுக்கு ஒரு நாள், இருக்க ரெண்டு நாள். உக்காந்தே இருக்கேன்.”

“நீ போய் அவ பக்கத்துல உக்காந்தா, அவளுக்கு உனக்குப் பின்னாடி இருக்கற சுவருதான் தெரியும் லவான். கண்ணாடி மாதிரி ஆயிடுவ.”

“என் குரல் கேக்கும்ல?” என்றாள் அவள்.

வெர்லின் ரம்பத்தைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டுக் கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் சமையலறைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே டெனிஸ் சுவர் போனை எடுத்துப் பேக்டரிக்குப் பேசிக்கொண்டிருந்தான். கோபத்தில் காது சிவந்திருந்தது. ஒரு வருஷமாக எல்லோருக்கும் தாமதம் சொல்லிச் சொல்லி அலுத்தவன், அன்று முதல் தடவையாகத் தாமதம் கேட்கும் பக்கம் நின்றான். “அஞ்சு அங்குலம் கம்மியா இருக்குங்க... இல்லங்க, மனுஷங்க படுக்கற குயீன்... திருப்பி அனுப்பறேன், சரி பண்ணிக் குடுங்க... எவ்வளவு நாளாகும்?” பதிலைக் கேட்டுவிட்டு அவன் போனைக் கையால் மூடிக்கொண்டு, அசடு வழிய இவர்கள் பக்கம் திரும்பினான்.

“இன்னும் ஆறு வாரமாம்.”

அலமாரியில் கோப்பைகள் இடித்தன. தட்டிலிருந்த கோலாச்சிகள் மேஜையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நகர்ந்தன. ஜன்னலைப் பெயர்த்த ஓட்டை வழியாக உப்பு வாடை அடித்தது. டெனிஸ் வெளியே பார்த்தான், கடல். அவனுடைய பிக்கப்பும் டிரெய்லரும் ஐந்நூற்று முப்பது மைலுக்கு அந்தப் பக்கம் பீட்ரூட் வயலிலேயே நின்றுவிட்டன. அவன் போனை மெதுவாக மாட்டிவிட்டு ஒரு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான்.

வீடு ஆர்டிஸின் வீட்டு வராந்தாவுக்குப் பத்தடி தள்ளி, வாசலுக்கு வாசல் நேராக நின்றது. ஆர்டிஸ் மடியில் துண்டால் மூடிய ஏதோ ஒரு கனமான மூட்டையோடு, மூக்கில் குழாயோடு, வராந்தா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பெரிதாக ஆச்சரியப்பட்டவள் மாதிரித் தெரியவில்லை.

“ஏண்டி, வீட்டையே தூக்கிட்டு வரணுமா? கோலாச்சி மட்டும்தானே கேட்டேன்.”

“கொண்டாந்திருக்கேன். உள்ள வா,” என்றாள் லவான். 

“கால் வெக்க மாட்டேன்னு சொன்னேனா இல்லையா?”

“சொன்ன.”

“அப்புறம்?” ஆர்டிஸ் மூச்சு வாங்கினாள். “ஏய் வெர்லின், மரம் மாதிரி நிக்கற? தூக்கு.”

வெர்லின் அவளைத் தூக்கினார். உலர்ந்த துணி அளவுக்குத்தான் கனம். மடியில் இருந்த மூட்டைதான் கனத்தது. சமையலறையைத் தாண்டும்போது நிறுத்தச் சொல்லித் துண்டைப் பிரித்தாள். உள்ளே கசகசா மிஷின், அம்மாவுடையது, கைப்பிடியில் சிவப்புச் சாயம்கூடப் போகவில்லை. லவான் வாயைத் திறந்தபடி நின்றாள்.

“நீயா வாங்கின? அந்த சர்ச் விற்பனையில நீயா வாங்கின? உன்கிட்டயே வெச்சுக்கிட்டா முப்பத்தொரு வருஷம் என்கூடப் பேசாம இருந்த?”

“நீ குடுத்த பாரு, அதுக்குத்தான் கோவம். அது யார்கிட்ட இருக்குங்கறது வேற விஷயம்,” என்றாள் ஆர்டிஸ். மேஜை விளிம்பில் பழைய திருகு பதிந்த தழும்பு அப்படியே இருந்தது. அதை விரலால் தடவிப் பார்த்து, மிஷினை அதே இடத்தில் மாட்டச் சொன்னாள். பிறகு கட்டிலில் சுவரோரம் அவளுடைய பழைய பக்கத்தில் கொண்டுபோய் விட்டார்கள். கோலாச்சியைக் கடித்துப் பார்த்துவிட்டு, இது கடையில் வாங்கிய கசகசா விழுது என்றாள். அது உண்மைதான்.

அதற்குப் பிறகு நாற்பத்தொரு நாள் இருந்தாள். டெனிஸ் பஸ் பிடித்து ஐடஹோ போய் வண்டியை எடுத்துப் பேக்டரிக்குக் கொண்டுபோனான். வெர்லின் ஜன்னலைத் திரும்ப மாட்டினார். இந்தத் தடவை முளை அடிக்கவில்லை, கயிறு கட்டவில்லை, எங்கும் நடக்கவும் இல்லை. அவர் தினமும் ஆர்டிஸைக் கட்டிலிலிருந்து சமையலறைக்கும் சமையலறையிலிருந்து கட்டிலுக்கும் தூக்கிப்போனார். அவள் மிஷின் கைப்பிடியை நாலு சுற்றுச் சுற்றுவாள், மூச்சு வாங்கும், மீதியை லவான் சுற்றுவாள். சண்டைக்குக் குறைவே இல்லை. அம்மா, அப்பா பக்கத்தில் படுக்கவேண்டுமென்று ஒரு நாள் ஆர்டிஸ் சொன்னாள். அந்த ஊரில் கால் வைக்கமாட்டேன் என்றாயே என்று லவான் கேட்டாள். நான் எங்கே வைக்கப்போகிறேன் என்றாள் ஆர்டிஸ். நாற்பத்தொன்றாம் நாள் காலை, லவான் தலைமாட்டு ஜன்னலைத் திறந்துவிட்டுத் திரும்பியபோது, அக்காவின் மூச்சு நின்றிருந்தது. லவான் அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டு, கையைப் பிடித்துக்கொண்டு, எவ்வளவோ நேரம் அழுதாள்.

அடக்கம் செய்பவர்கள் மறுநாள் மத்தியானம் இரண்டு மணிக்கு வருவதாக இருந்தது. ஆயிரத்து அறுநூறு மைல் எப்படிக் கொண்டுபோவது என்று வெர்லின் வரைபடத்தை விரித்துவைத்து உட்கார்ந்திருந்தார். அந்த மறுநாள் ஒன்றேகாலுக்குப் போன் அடித்தது. லவான் எடுத்தாள். டெனிஸ்தான். அவனுக்கு விஷயம் தெரியாது. அவன் தயங்கித் தயங்கி, அந்தக் கதவுக் கீல் சரியில்லையாம், தப்பாக நினைக்காதீர்கள், இன்னும் ஆறு வாரம் என்றான். லவான் திரும்பிக் கட்டிலில் கிடந்த அக்காவைப் பார்த்தாள். பிறகு, “நன்றி தம்பி. உங்கம்மாவைக் கேட்டேன்னு சொல்லு,” என்று போனை வைத்தாள். ஜன்னலுக்கு வெளியே தானியக் கோபுரமும், மைலோவின் புல்தரையும், புதிதாக நட்ட ரோஜாச் செடியும் தெரிந்தன. மைலோ தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான்.

வெர்லின் டேப்பை எடுத்துப் போய் அளந்தார். வீடு பழைய அஸ்திவாரத்தில், ஓர் இழைகூடப் பிசகாமல் உட்கார்ந்திருந்தது. மறுநாள் ஆர்டிஸை ஆறு பேர் தோளில் தூக்கிக்கொண்டு குன்றின் மேலிருக்கும் கல்லறைக்குப் போனோம். நானும் ஒரு பக்கம் தோள் கொடுத்தேன். ஆக, வெசெலியில் அவள் கடைசிவரை கால் வைக்கவே இல்லை. கவுண்டி ஆபீஸ் பெண் திரும்ப வந்து பார்த்துவிட்டு, ஹவ்ரானெக் வீட்டுக்கு நேரே அந்த வருஷத்துக்கு ‘மாற்றம் இல்லை’ என்று எழுதிக்கொண்டு போனாள். டிரெய்லர் இன்னும் வரவில்லை. ஆர்டரை யாரும் ரத்து செய்யவில்லை. ஜல்லித் தளத்தில் புல் முளைத்துவிட்டது, லவான் கட்டிலில் சுவரோரப் பக்கத்தைக் காலியாக விட்டுத் தூங்குகிறாள், போன் அடித்தால் வெர்லின் முதலில் கோப்பைகளைப் பிடித்துக்கொண்டு பிறகுதான் எடுக்கிறார்.